வேப்பிலை கட்டிய படலை

சில காலைகளில் குழாயைத் திறந்ததும் தண்ணீருக்கு முன்னால் ஒரு மணம் வரும். வெள்ளைப் பவுடர் மணம். குளோரினைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டார்கள் என்று வீட்டிலுள்ளவர்கள் மூக்கைச் சுளித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள். எனக்கு மட்டும் வயது பத்தாகிவிடும். கொப்புளம் காய்ந்து பொருக்காகி உடம்பு கடிக்கத் தொடங்கும். எங்கள் கிணற்றுக்குள் வாளி வாளியாக அந்தப் பவுடரைக் கரைத்து ஊற்றிய மனிதரின் காக்கிக் காற்சட்டை கண்ணுக்குள் வரும். இத்தனை வருஷமாகியும் ஒரு மணத்தோடு இவ்வளவு கோபம் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லி என்ன பயன்.

திருகோணமலையில், துறைமுக வாசலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கடலை நோக்கி இறங்கும் ஒரு குறுகிய தெரு, ஒரு ஒழுங்கை எங்களுடையது. எங்கள் வளவுக்கும் பூமணி மாமியின் வளவுக்கும் நடுவில் கிடுகு வேலி, அந்த வேலியின் நடுவில் ஒரு "பங்குக் கிணறு". வேலி இரண்டு பக்கமும் கிணற்றுக்கு நாலடி முன்னாலேயே நின்றுவிடும். அந்த இடைவெளிதான் இரண்டு வீட்டுக்கும் உண்மையான வாசல். தெருப் படலையால் வருகிறவர் விருந்தாளி, கிணற்றடியால் வருகிறவர் வீட்டு மனிதர் என்பது எங்கள் ஒழுங்கையின் கணக்கு. மாமி எங்களுக்கு உறவில்லை; ஆனால் என் தலையில் பேன் பார்த்ததும், முதல் பல் விழுந்தபோது அதைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்ததும் மாமிதான். மாமியின் மகள் கமலா என் வகுப்பு. மகன் சிவத்துக்கு ஐந்து வயது, அவன் அழுதால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

அப்பா இறங்குதுறையில் மூடை சுமந்து முதுகை முறித்துக்கொண்டு படுக்கையோடு இருந்தார். மாமியின் புருஷன் வெருகல் பக்கம் போனவர் போனவர்தான், அங்கே வேறு குடும்பம் என்று பெரியவர்கள் குரலைத் தணித்துச் சொல்வார்கள். ஆகவே இரண்டு வீட்டுக்கும் சோறு போட்டது இடியப்பம். பேக்கரிப் பாணுக்கு விடியுமுன்னே வரிசையில் நின்ற எழுபதுகளின் தொடக்கம் அது. பாண் கிடைக்காத ஊரில் இடியப்பக்காரிக்கு ராணி மரியாதை. ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோகத் தடை; தம்பலகாமத்திலிருந்து அது எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை, அம்மாவும் சொல்வதில்லை. எங்கள் குசினியில் அம்மா பிழிந்து அவிப்பார், மாமி தன் வீட்டில் சொதியும் சம்பலும் செய்வார், இருவரும் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு துறைமுக வாசலுக்குப் போய், வேலைக்குப் போகிறவர்களுக்கு வாகை மரத்தடியில் இருந்து விற்பார்கள். அந்த மரத்தடிக்கு "அக்காமாரின்ர இடம்" என்றே பெயர்.

அந்த வருஷம்தான் பேதி வந்தது. கொலரா என்று வானொலி சொன்னது. எங்கள் ஒழுங்கை அந்தப் பெயரையே வாயில் எடுக்காமல் "அந்த வருத்தம்" என்றது. பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் தயிர் கொண்டுவரும் முஸ்லிம் காக்காமார் வருவது நின்றது. கோயில் அன்னதானம் நின்றது. செத்த வீட்டுக்குப் போனவர்கள் தெருவில் நின்றபடியே தலையைக் குனிந்துவிட்டுத் திரும்பினார்கள். தெருவில் அவித்து விற்கிற எல்லாவற்றையும் தடுத்தார்கள். ஊசி போட வரிசை, உப்பு வாங்க வரிசை. அந்த வரிசைகளில்கூட ஆளுக்காள் தள்ளித்தான் நின்றார்கள். கைகழுவாமல் ஒரு சம்பலைத் தொட்டு நக்கிப் பார்த்துக் குறை சொல்கிற எங்கள் ஊர்ப் பெண்கள், ஒருவர் வீட்டுச் செம்பை மற்றவர் தொடப் பயந்தார்கள்.

அந்தத் தடைக்குள்ளும் அம்மாவுக்கு ஒரு "துண்டு" கிடைத்தது. சனிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து குசினியையும் கிணற்றையும் பார்த்து, இந்த வீட்டில் வருத்தமில்லை, இங்கே அவித்ததை விற்கலாம் என்று முத்திரை குத்திக் கொடுத்த காகிதம். அவிப்பது எங்கள் குசினியில் என்பதால் அது அம்மாவின் பெயரில் இருந்தது. அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தோம். அந்தத் துண்டு போனால் அப்பாவின் எண்ணெயும் மருந்தும் போகும், எங்கள் அடுப்பும் அணையும் என்பது பத்து வயதில் எனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குள் எனக்குக் கொப்புளிப்பான் அம்மை போட்டது. பேதிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை. வெயில் காலத்தில் பிள்ளைகளுக்கு வருவதுதான். அம்மாள் வந்த வீட்டின் படலையில் வேப்பிலை கட்டவேண்டும் என்பது எங்கள் வழக்கம். உள்ளே நோய் இருக்கிறது, வராதேயுங்கோ என்று வீட்டுக்காரரே ஊருக்குச் சொல்லுகிற முறை அது. அதில் வெட்கமில்லை, மாறாக ஒரு மரியாதை இருந்தது. மாமிதான் கொப்பொடித்து வந்து தன் கையாலேயே எங்கள் படலையில் கட்டினார். பிறகு கிணற்றடியால் உள்ளே வந்து என் நெற்றியில் திருநீறு பூசி, "அம்மாள் குளிர்ந்து போவா. நீ சொறியாமப் படு பிள்ளை" என்றார். அம்மாள் இருக்கிற வீட்டில் விற்பனைக்கு அவிப்பது முறையில்லை என்று அம்மா தானாகவே இடியப்பத்தை நிறுத்தினார். அந்தத் தடைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் தேவைப்படவில்லை.

என்னைப் பின்னறையில் படுக்க வைத்திருந்தார்கள். கிடுகுச் சுவரின் இடுக்கால் பார்த்தால் கிணற்றடி தெரியும். வேறு வேலையில்லாததால் நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள், மாமி ஒரே விரிப்பைக் காலையிலும் துவைத்தார், மத்தியானமும் துவைத்தார், வெயில் தாழவும் துவைத்தார். கொடியில் விரிப்புக்குப் பக்கத்தில் சிவத்தின் சின்னக் காற்சட்டைகள். சிவத்தின் சத்தத்தைக் காணவில்லை. வாயைத் திறந்தால் ஒழுங்கையே அதிர்கிற பிள்ளை இரண்டு நாளாக ஒரு முனகல்கூட இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா இடுக்கால் கொடியைப் பார்த்தார். பிறகு, "கண்டதைக் கண்டனான் எண்டு சொல்லக்கூடாது. விளங்குதோ?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கால் கழுவும் தண்ணீரும் கொதித்த தண்ணீர்தான். மத்தியானத்தில் அம்மா கஞ்சியை வடித்து, உப்புப் போட்டு, ஒரு செம்பில் ஊற்றி மூடிக் கிணற்றுக்கட்டில் மாமியின் பாதிப்பக்கம் வைப்பார். கொஞ்ச நேரத்தில் செம்பு காணாமற் போகும். பின்னேரம் கழுவிக் கவிழ்த்தபடி அதே இடத்தில் இருக்கும். இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை கதைத்ததை நான் காணவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பள்ளிக்கூடத்தில் கொப்பி நிறைய எழுத வைப்பார்கள். அதை எழுதாமலே செய்கிறார்களே என்று நான் அப்போது பெருமைப்பட்டேன்.

பேதிக்காரரைக் கொண்டுபோய் வைக்க ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். அதற்குள் தாயையும் விடமாட்டார்கள், போனவர் திரும்புவதில்லை என்பது ஊர்க்கதை. உண்மையில் பலர் திரும்பினார்கள். ஆனால் அந்தக் கதைக்குப் பயந்து சில ஒழுங்கைகளில் பேதி வந்த வீட்டுக்காரர், அம்மாள் வருத்தம் என்று காட்டி ஆட்களை வெளியே நிறுத்துவதற்காகப் பொய்யாக வேப்பிலை கட்டத் தொடங்கியிருந்தார்கள். எங்களுக்கு அது தெரியாது. இன்ஸ்பெக்டருக்குத் தெரியும்.

யாரோ தெருவால் போனவர் கொடியில் எந்நேரமும் காயும் விரிப்பைக் கண்டு போய்ச் சொல்லியிருக்கிறார். ஒரு பின்னேரம் இன்ஸ்பெக்டர் இரண்டு ஆட்களோடு ஒழுங்கைக்குள் வந்தார். கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது, கொடியும் கிணற்றடியில்; விரிப்பு யாருடையது என்று வெளியிலிருந்து சொல்ல ஏலாது. ஆனால் நோய் இருக்கிற வீடு எது என்பதை நாங்களே படலையில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம்.

அம்மா என்னைக் காட்டினார். "பாருங்கோ ஐயா, பிள்ளைக்குக் கொப்புளிப்பான். வேறை ஒண்டுமில்லை."

"அதுவும் இருக்கலாம், இதுவும் இருக்கலாம்" என்றார் அவர். "இலையைக் கட்டிப்போட்டு எத்தினை வீட்டுக்காரர் என்னை ஏமாத்தினவை தெரியுமோ?" படுத்திருந்த அப்பாவைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், பிறகு கிணற்றின் அந்தப் பக்கம் நின்ற மாமியைப் பார்த்துக் கேட்டார். "அம்மா, நீங்கள் பக்கத்து வீடு. இஞ்சை ஆருக்கு வருத்தம்? இந்தச் சீலையெல்லாம் இவையின்ரயோ?"

நான் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியின் கையில் எங்கள் செம்பு இருந்தது. கழுவிக் கொண்டுவந்து வைக்க வந்தவர்.

"எனக்குத் தெரியாது ஐயா" என்றார் மாமி. "நாங்கள் அந்தப் பக்கம் போறேல்லை."

அம்மா மாமியைப் பார்த்தார். ஒரே ஒரு சொல் போதும்: உள்ளே போய்ப் பாருங்கோ என்று அம்மா அந்த வீட்டைக் கைகாட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் எழும்பிக் கத்தப் போனேன். அம்மா திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி என்னை நிறுத்தினார். சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து துண்டை எடுத்து அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

உள்ளே பேதிக்காரர் யாரையும் காணாததால் ஒருவரையும் கொட்டகைக்குக் கொண்டுபோகவில்லை; ஆனால் பேதி வீடு என்று படலையில் வேப்பிலைக்கு மேலே சிவப்புக் காகிதம் ஒட்டினார்கள். கிணற்றுக்குள் வெள்ளைப் பவுடர் ஊற்றினார்கள். பிரம்பு இடியப்பத் தட்டுகள் எல்லாவற்றையும் முற்றத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். குசினி மூலை ஈரத்தில் அடுக்கி வைத்திருந்தவை என்பதால் அவை உடனே பற்றவில்லை, புகைந்து புகைந்துதான் எரிந்தன. அம்மா முழுவதும் எரியும்வரை நின்று பார்த்தார்.

"ஏன் சொல்லேல்லை?" என்று பிறகு அழுது அழுது கேட்டேன்.

"சிவத்தைக் கொண்டுபோனா அவளுக்கு ஆர் இருக்கினம்? முள்ளிலை விழுந்த சீலை, மெல்லத்தான் எடுக்கவேணும். அவளே வந்து சொல்லுவாள், பார்."

அம்மா நம்பினார். நானும் நம்பினேன். சிவம் பிழைத்தான், ஒரு நாள் வேலிக்கு அப்பால் அவன் அழுகிற சத்தம் கேட்டு அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். அடுத்த நாள் காலை நான் தண்ணீர் அள்ளப் போனபோது, மாமி தன் பக்கமிருந்து புதுக் கிடுகு கொண்டுவந்து கிணற்றுக்கட்டுவரை வேலியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கயிற்றை இன்னும் இறுக்கி முடிந்தார். எங்கள் செம்பு திரும்பி வரவேயில்லை.

ஊர் மெல்லத் திறந்தது. துண்டுக்கு மாமி தன் பெயரில் எழுதிக் கொடுத்தார், கிடைத்தது. புதுத் தட்டுகளோடு வாகை மரத்தடியில் தனியாக இருந்து இடியப்பம் விற்றார். மற்ற அக்கா எங்கே என்று கேட்டவர்களுக்கு, "அவையின்ர வீட்டிலை அந்த வருத்தம் வந்தது" என்றாராம். அதன்பிறகு அம்மா அவித்ததை வாங்க ஒரு ஆள் வரவில்லை. அம்மா சல்லிக் கடற்கரைக்குப் போய் வெயிலில் கருவாடு காயப்போடும் வேலை செய்தார், கை வெடித்து உப்பு ஏறி எரிய எரிய. கமலா வகுப்பில் என் பக்கத்து இருக்கையை விட்டு வேறு வாங்குக்கு மாறினாள். மாமிமேல் எனக்கிருந்த கோபத்தில் பாதியை அம்மாமேல் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் அடுப்பை அணைத்து அவர்கள் வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்ற அம்மாவுக்கு யார் உரிமை கொடுத்தது? அம்மா சாகும்வரை அதை நான் கேட்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

ஒழுங்கையில் பிறகு ஒருவரும் படலையில் வேப்பிலை கட்டவில்லை. நோயைச் சொன்ன வீடு அழிந்ததையும் மறைத்த வீடு பிழைத்ததையும் எல்லாரும் பார்த்தார்கள்தானே. வீட்டுக்கு வீடு தனிக்கிணறு வெட்டினார்கள், பிறகு குழாய் வந்தது, வேலிகள் மதிலாயின. எங்கள் பங்குக் கிணற்றைச் சிமெந்துப் பலகையால் மூடி அதற்கு மேலாலேயே மதில் போகிறது. மாமி போய் எத்தனையோ காலம். மதிலுக்கு அந்தப் பக்கம் இப்போது கமலா இருக்கிறாள், இந்தப் பக்கம் நான். துறைமுக வாசலில் வாகையுமில்லை.

அண்மையில் உலகமே மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்த நோய்க்காலத்தில், கமலாவின் கேற்றில் காகிதம் ஒட்டினார்கள். அவள் இருமுவது எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நோயாளியோடு பழகியவர்களின் பட்டியல் எழுத ஒரு இளம்பெண் வந்தாள், தெருவில் தள்ளி நின்று மரியாதையாகக் கேட்டாள்: "அம்மா, பக்கத்து வீட்டோட உங்களுக்குப் போக்குவரத்து இருக்கோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். "நாங்கள் அந்தப் பக்கம் போறேல்லை."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று என் காதில் விழுந்தது. மாமி சொன்னபோது அது பொய். நான் சொன்னபோது அது உண்மை. அந்தப் பக்கம் போய் எத்தனை வருஷம் என்று எனக்கே தெரியாது. அவள் எழுதிக்கொண்டு போனாள்.

உள்ளே போய் அரிசியைப் போட்டேன். கஞ்சி வடித்து உப்புப் போட்டுச் செம்பில் ஊற்றி மூடி, பழைய கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். மதில் என் தலைக்கு மேல் ஒரு முழம். மேலே வரிசையாக உடைந்த போத்தல் கண்ணாடி பதித்திருந்தது. காசு கொடுத்து அதைப் பதிப்பித்தவள் நான்தான். ஒரு செம்பை வைக்குமளவுக்கு எங்கேயும் இடைவெளி இல்லை. அந்தப் பக்கம் கமலா இருமினாள்.