வெளியூர்ச் சட்டைக்கு அம்சவேணி போட்ட நிறம்

அம்சவேணிக்கு மறதி என்பதே கிடையாது. புருஷன் போன பிறகு பதினாறு வருஷம் பட்டு நூலுக்குச் சாயம் தோய்த்தே பிழைத்தவள். பிள்ளையார்பாளையத்தில் அவள் கைபட்ட நூல் என்றால் தறிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அப்படிப்பட்டவளை, ‘அவ சாயம் நிக்காதுபா’ என்று ஒரே பேச்சில் தீர்த்துக் கட்டினார் பட்டுக்கடை கலியாணசுந்தரம்.

நடந்தது இதுதான். எழுபதாம் வருஷம் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, வெங்காயச் சருகு நிறம் ஒன்றைப் பிடித்தாள். அதற்குக் கரும்பச்சைக் கரை என்பதும் அவள் யோசனை. கலியாணசுந்தரம் பார்த்தார், சொக்கிப் போனார். அந்த நிறத்தில் எத்தனை புடவை ஓடினாலும் சாயவேலை உனக்குத்தான் என்று சத்தியம் பண்ணிப் பக்குவத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மறுவாரமே வேலை முழுக்க வேறொரு சாயப் பட்டறைக்குப் போனது. கேட்டவர்களிடம், நிறம் தன் மூளையில் உதித்தது என்றும் அவள் சாயம் ஓடுகிறது என்றும் சொன்னார். மற்ற கடைக்காரர்களும் நூல் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். பாவி மனுஷன், சோற்றில் மட்டுமா கைவைத்தான், அவள் பேரிலேயே கைவைத்தான்.

அந்தச் சமயத்தில்தான் தெருப் பையன்களின் ஃபுட்பால் கிளப் கேப்டன் துரைக்கண்ணு பதினோரு வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றான்.

“அக்கா, அரக்கோணத்துக்காரனும் வெள்ளதான் போடுறான். வெளியூர் போனா நாமதான் மாத்திக்கணுமாம். எதுனா ஒரு கலர் போட்டுக் குடுக்கா.”

“எதுனா ஒண்ணு எதுக்குடா? நல்லதாவே போட்டுத் தரேன்” என்றாள் அம்சவேணி.

பட்டுக்குப் போடும் சாயம் பருத்தியில் ஏறாது. வேறு சாயம் வாங்கி, கலந்து கலந்து பார்த்து, பதினைந்து நாளில் அதே வெங்காயச் சருகைக் கொண்டுவந்தாள். கையோரமும் அடியோரமும் நான்கு விரல் அகலம் இறுகக் கட்டி மறைத்துச் சட்டையின் உடம்பைத் தோய்த்தாள். காய்ந்ததும் கட்டை அவிழ்த்து ஓரத்துக்குக் கரும்பச்சை ஏற்றினாள். கலியாணசுந்தரம் கடைக் கண்ணாடிக்குள் தொங்கிய புடவை, பதினோரு முரடர்கள் முதுகில் ஏறிப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தது.

பையன்களுக்குச் சட்டை அவ்வளவு பிடித்துப்போனது. டீக்கடைக்கும் அதுதான், சினிமாவுக்கும் அதுதான். கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள், “இது அந்தப் பந்தாட்டப் பசங்க கலராச்சே, பொண்ணுக்கு வேணாம்” என்று எழுந்து போனார்கள். கலியாணசுந்தரம் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தரிப்பூ நிறத்தைக் கண்ணாடிக்குள் மாட்டினார். அடுத்த ஆட்டத்துக்கு டீம் அம்சவேணி தோய்த்த கத்தரிப்பூச் சட்டையில் இறங்கியது. ராமர் பச்சை மாட்டினார். அதுவும் மைதானத்துக்கு வந்தது. இப்படியே நாலு வருஷம் ஓடியது. அம்சவேணி வாரம் தவறாமல் அந்தக் கடை வழியாகவே மார்க்கெட்டுக்குப் போனாள், அது சுற்றுவழி என்றாலும்.

கடைசியில் அவரே வீடு தேடி வந்தார்.

“இன்னாம்மா அம்சவேணி, இன்னும் எத்தினி நாளைக்கு? நூல் பூரா உங்கிட்டயே அனுப்புறேன். இத்தோட உட்டுடு.”

“நூல் யாருக்கு வேணும் மொதலாளி? என் பேர எடுத்தீங்கல்ல, அதக் குடுங்க. பசங்க பந்தாட்டப் பரிசளிப்பு அன்னிக்கு மைக்ல சொல்லுங்க.”

அன்றைக்கு மைதானத்தில் கூட்டமான கூட்டம். அம்சவேணி சொல்லியனுப்பியபடி டீம் பழைய வெங்காயச் சருகுச் சட்டையில் வரிசையாக நின்றது. வண்ணான் துறையில் நாலு வருஷம் வெள்ளாவி கண்ட துணி. கரையிலிருந்து ஒரு பொட்டுப் பச்சை உடம்புக்கு இறங்கியிருக்கவில்லை. கலியாணசுந்தரம் மைக்கைப் பிடித்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிறம் அம்சவேணி கண்டுபிடித்தது, அவள் சாயம் ஓடவில்லை, தான் சொன்னது பொய் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்காரப் போனார்.

முன்வரிசையில் இருந்த அம்சவேணி துரைக்கண்ணுவைக் கையாட்டிக் கூப்பிட்டாள்.

“பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலயாம்பா. இன்னொரு தபா சொல்லச் சொல்லு.”