வெயிலுக்குப் போட்ட ரோல்

அலமாரியில் அகப்பட்ட காலி பிலிம் டப்பாவில், வெயிலில் மட்டுமே சரியாக எடுக்கும் ரோல் என்பதற்கான 100 என்ற எண்ணைப் பார்த்ததும் பழைய கோபம் கிளம்பியது. அம்மா வேலை பார்த்த, இன்று கார் நிறுத்துமிடமாகிவிட்ட பனியன் கம்பெனியில், பஞ்சு பறக்கும் செக்கிங் அறையின் மங்கிய டியூப்லைட்டில், ஆயுத பூஜையன்று ஸ்டுடியோக்காரர், பக்கத்துப் பூண்டியில் கற்சிலைகளை வெயிலில் எடுத்து மிச்சமிருந்த ரோலிலேயே, பிளாஷும் இல்லாமல், அம்மாவை எடுத்தார். மங்கலான வெளிச்சத்துக்கு ஏற்ற 400 எண் ரோலை மாற்றிப்போட அவருக்கு மனசில்லை. முகம் கரியாக வந்தது.

“ரோல் நல்லாத்தானுங்க இருக்குது, உங்க நெறம் அப்படி” என்றார். அம்மா “சரிங்க” என்றாள். அதன்பின் எந்தப் படத்துக்கும் நிற்கவில்லை.

அந்தக் கோபத்தில் நேற்று அம்மாவை வற்புறுத்தி நிற்கவைத்து, டிஜிட்டல் கேமராவில் அதே எண்ணை 1600க்குத் திருகி, வீட்டு டியூப்லைட்டிலேயே எடுத்தேன். முகம் தெளிவாக வந்தது.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். “கம்ப்யூட்டர்ல வெளுப்பாக்கிட்டயா கண்ணு?”