டாக்டரிடம் மறைத்த மாத்திரை

என் கணவருக்கு ரத்தப் புற்றுநோய். தினமும் சாப்பிடும் மாத்திரையால் நோய் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் அதே மாத்திரையால், லேசாக இடித்தாலே தோல் கன்றிவிடும், ரத்தம் வந்தால் எளிதில் நிற்காது.

போன மாதம் பல்வலி தாங்காமல் திண்டிவனத்தில் ஒரு பல் டாக்டரிடம் போனோம். "வேற மாத்திரை எதுனா சாப்பிடுறீங்களா?" என்று அவர் கேட்டார். நோய் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் இவர், "ஒண்ணும் இல்லீங்க" என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பல்லை எடுப்பதற்காக டாக்டர் மரத்துப்போகும் ஊசியைக் கையில் எடுத்ததும் நான், "வேணாங்க! கேன்சருக்கு மாத்திரை சாப்பிட்டுக்கினு இருக்காரு" என்று கத்திவிட்டேன்.

டாக்டர் ஊசியை வைத்துவிட்டார். "பல்ல எடுத்திருந்தா ரத்தத்த நிறுத்தறதே பேஜாரா போயிருக்கும்மா" என்றார். கேன்சர் டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்னபடி மாத்திரையைச் சில நாள் நிறுத்திய பிறகே பல்லை எடுத்தார்கள்.

இப்போதெல்லாம் எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்பதற்கு முன்பே மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுகிறேன். இவர் முறைத்தால் முறைக்கட்டும்.

– ஒரு வாசகி, விழுப்புரம்