வாயை மூடச் சொன்னவர்

தூத்துக்குடியில் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதிக்கும் அந்த அம்மாவின் சொந்த மூக்குக்கண்ணாடி, ஒரு பக்கம் நூலால் கட்டப்பட்டிருக்கும். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

ரத்தப் புற்றுக்குச் சிகிச்சையில் இருந்த என் மகளுக்கு இடது கண் மங்கியதால் அவரிடம் அனுப்பினார்கள். நான் பள்ளி ஆசிரியன். என் பிள்ளை எந்தப் பரீட்சையிலும் தோற்கக் கூடாது. வலது கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பலகை முன் அவள் திணறியதும், பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக முணுமுணுத்தேன். அவளும் கடைசி வரிவரை அப்படியே சொல்லிவிட்டாள். எனக்குப் பெருமை வேறு.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"சார், பரீட்சை ஒங்களுக்கா, பிள்ளைக்கா? வேணும்னா நூத்துக்கு நூறு போட்டுத் தாரேன், வீட்டுல மாட்டி வைங்க. பிள்ளை தடவிப் பாக்கட்டும்."

என்னை வெளியே நிறுத்திவிட்டு மறுபடி சோதித்தார். முதல் வரியின் பெரிய எழுத்துகூட மகளுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து ஸ்கேனும் எடுக்க வைத்தார்; புற்று கண் நரம்புவரை வந்திருந்தது. அன்றே மருந்தும் கதிர்வீச்சும் தொடங்கியதால் பார்வை மெல்லத் திரும்பியது.

இப்போதும் மாதாமாதம் போகிறோம். விளக்கைப் போட்டதும் அந்த அம்மா முதலில் பார்ப்பது மகளின் கண்ணை அல்ல, என் வாயை.