ஜவுபர் சொன்ன காற்று

கல்முனைக்குடிக் கடற்கரையில் கடலைப் பற்றிக் கேட்பதென்றால் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மணலைப் பற்றிக் கேட்பதென்றால் ஜவுபர் ஒருவன்தான். வயது முப்பத்து மூன்று. சிவப்பு மெசின் ஒன்றை வைத்துக்கொண்டு, கரைக்கு வரும் படகுகளைக் கயிறு கட்டி மேலே இழுத்துவிடுவது தொழில். கடதாசியில் அதற்கு உழவு இயந்திரம் என்று பெயர். இதுவரை ஒரு வயலையும் அது கண்ணால் கண்டதில்லை.

மீதி நேரத்தில் புதைந்த வாகனம் எடுப்பான். படம் பிடிக்க ஆசைப்பட்டு மணலுக்குள் இறங்கிய நற்பிட்டிமுனைக் கல்யாணக் கார் ஒன்றை, மாப்பிள்ளையும் பொண்ணும் உள்ளே இருக்க இருக்கவே வெளியே கொண்டுவந்தவன் அவன். அதற்கு மெசின்கூடத் தேவைப்படவில்லை. ஒரு ஆணியால் வால்வை அழுத்தி நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினான். டயர்கள் சப்பையாகி மணலில் பாய் மாதிரிப் படிந்தன. கார் நல்ல பிள்ளையாக ஏறி வந்தது. முழுக் காற்றோடு மணலில் இறங்குகிற டயர் ஓடாது, தோண்டும். இது ஜவுபருக்குத் தன் பெயரைப் போலத் தெரியும்.

இப்படிப்பட்ட ஆளுக்கு, மணல் மட்டுமே இருக்கிற நாட்டுக்குப் போகக் கிடைக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னர் அவனும் றிபாஸும் வினோஜும் சவூதிக்குப் போவதென்று ஒரே பஸ்ஸில் கொழும்புக்குப் போனார்கள். மூவரும் ஒரே டியூசன் கொட்டிலில் ஒரே வாங்கில் இருந்து, ஒரே வருடம் ஓ.எல். பரீட்சையைக் கோட்டைவிட்டவர்கள். மெடிக்கலில் ஜவுபரின் நெஞ்சுப் படத்தில் மட்டும் ஒரு புள்ளி தெரிந்தது. சின்ன வயதில் வந்து போன நெஞ்சு நோயின் தழும்பு, மிளகளவுதான். மற்ற இருவரும் றியாத்தில் சாரதிகளானார்கள். ஜவுபர் வந்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தான்.

லீவில் வரும்போதெல்லாம் அத்தர், பேரீச்சம்பழம், கம்பளி என்று கொண்டுவந்து தருவார்கள். கல்முனை வெயிலில் கம்பளியை வைத்து என்ன செய்வது? அவன் மெசினைப் போர்த்தி வைத்தான். அத்தரை மனைவி ஹாஜறா பூசிக்கொண்டால் அவனுக்குத் தும்மல் வரும். பொறாமைக்குத் தும்மலும் ஒரு வழி.

இந்த நோன்புப் பெருநாள் லீவுக்கு இருவரும் பழைய லாண்ட்குறூசர் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மூன்று நாள் பாலைவனத்துக்குள் சுற்றக் கிளம்பினார்கள். முதல் நாள் முழுக்க ஜவுபரின் போன் ஓயவில்லை. கூடாரத்தின் படம், நெருப்பில் சுடும் ஆட்டுக்காலின் படம். மணல் மேட்டில் வினோஜ் உருண்டு விழ றிபாஸ் சிரிக்கிற வீடியோ வேறு. ஜவுபர் அந்த வீடியோவைப் பதினொரு தரம் பார்த்தான். உருண்டது வினோஜ் என்பதுதான் தாங்க முடியவில்லை. உருள வேண்டியவன் ஜவுபர் அல்லவா?

மறுநாள் காலை அவன் மெசினில் இருந்தபோது றிபாஸின் குரல் பதிவு வந்தது.

"மச்சான், கடைசிப் பெற்றோல் செட்டில நிக்கிறம். இனிப் பெரிய மணல் மலை. டயருக்குக் காத்து ஏத்தணுமா, இறக்கணுமா? வினோஜ் ஒண்டு செல்றான், நான் ஒண்டு செல்றன். நீதானே எங்கட மணல் மௌலவி, பத்வாவக் குடு, ஒன்ட தீர்ப்புத்தான்."

ஜவுபருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பதில் சொல்ல வாய் திறக்கும்போதுதான் திரையின் மேலே பார்த்தான். மூன்று பேருக்குமான வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேரும் நின்ற பழைய படத்தைக் காணவில்லை. புதிய படத்தில் லாண்ட்குறூசருக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

"நல்லா ஏத்து மச்சான்," என்றான் ஜவுபர். "கல்லு மாதிரி இரிக்கணும். அப்பதான் மணலுக்கு மேலால பறக்கும்."

நீலச் சரி விழுந்தது. றிபாஸ் கேட்டுவிட்டு ஒரு பெருவிரலை அனுப்பினான். ஜவுபர் தனியாக மெசினில் இருந்து சிரித்தான். அரை மணி நேரம் புதைந்து கிடக்கட்டும், ஆட்டுக்கால் தின்ற வாயால் கொஞ்சம் மணலும் தின்னட்டும்.

இரண்டு படகை இழுத்து முடிப்பதற்குள் எரிச்சல் ஆறிவிட்டது. உடனே எழுதினான்: "டேய், பகிடி விட்ட நான். காத்த இறக்கு. பாதிக்கு மேல இறக்கு."

ஒற்றைச் சரிதான் விழுந்தது. றிபாஸின் போனுக்கு அது போய்ச் சேரவில்லை. அவர்கள் சிக்னல் இல்லாத இடத்துக்குள் போயிருந்தார்கள்.

லுஹர் தொழுகைக்குப் பார்த்தான், ஒற்றைச் சரி. அஸருக்கும் ஒற்றைச் சரி. மூன்றாம் நாள் காலையும் அது அப்படியே நின்றது. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கடற்கரையில் நடந்தான். சிக்னல் இல்லாதது அவர்களுக்கு, கை தூக்குவது இவன்.

பத்து மணிக்கு வினோஜின் மனைவி டிலக்சினி போனில் கோல் எடுத்தாள்.

"ஜவுபர் அண்ணா, இவர் உங்களோட கதைச்சவரா? இண்டைக்கு மகன்ட பேர்த்டே. அப்பா எடுத்தாத்தான் கேக் வெட்டுவன் எண்டு கத்தியோட நிக்கிறான்."

"அங்க சிக்னல் இல்ல தங்கச்சி. பின்னேரம் எடுப்பான்."

"வேற ஒண்டும் இல்லயே?"

"வேற என்ன இரிக்கப் போகுது?" என்றான். அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

ஹாஜறா வைத்த வட்டிலப்பம் பீங்கானில் தொடாமல் கிடந்தது.

"என்னங்க, சீனி கூடிட்டா?"

"இல்ல புள்ள."

"அப்ப அவங்கட படத்தப் பாத்து வகுறு எரியுது. எனக்குத் தெரியாதா? பத்து வருசமாப் பாக்கிறன்."

எரிந்தது நின்று ஒரு நாளாகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? முழுக் காற்று டயர், அந்த மணல், வெயில். எத்தனை போத்தல் தண்ணீர் கொண்டுபோனார்கள் என்று படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எண்ணினான். ஆறுதான் தெரிந்தது.

அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது இரண்டு சரி விழுந்திருந்தது. செருப்பைத் தேடக்கூட விடாமல் வீடியோ கோல் வந்தது. இருவர் முகமும் கருகி, உதடு வெடித்து, சிரித்துக்கொண்டிருந்தன.

"மச்சான், மௌத்தாகித் தப்பி வாறம்!" என்றான் றிபாஸ். "முதல் மேட்டிலயே மணல்ல தாண்டு போச்சி. கையால எட்டு மணித்தியாலம் தோண்டின. தோண்டத் தோண்டத் தாழுது. காலையில ஒரு பதூ, அந்தப் பாலைவனத்து ஆள், பிக்கப்ல வந்தாரு. டயரத் தட்டிப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு, கழுதயப் பாக்கிற மாதிரி. காத்த உஸ்ஸெண்டு இறக்கினாரு. அஞ்சு நிமிசம், வெளிய."

வினோஜ் இடையில் புகுந்தான். "இறக்கிப் பாப்பம் எண்டு நான் நூறு தரம் சொன்னன்டா. இவன் விடயில்ல. ஜவுபர் சொன்னாச் சரிதானாம்."

"நான்தான் பிழையா விளங்கிட்டன் போல," என்றான் றிபாஸ். "நீ றோட்டுக்குச் சென்ன பதில நான் மணலுக்கு எடுத்துட்டன். அப்படித்தானே?"

ஜவுபர் தப்பிக்க றிபாஸே வாசலைத் திறந்து, பாயும் விரித்துத் தந்தான். ஓம் என்று ஒரு சொல் போதும். அனுப்பிய செய்தியை அழித்துவிடவும் நேரம் இருந்தது. அவர்கள் இன்னும் அதைத் திறக்கவில்லை.

"இல்லடா," என்றான் ஜவுபர். "மெசேஜத் திறந்து பாரு."

பார்த்தார்கள். வினோஜின் சிரிப்பு முதலில் நின்றது.

"ஏன்டா?" என்றான் றிபாஸ்.

"எரிச்சல்தான். வேற என்ன? நீங்க ரெண்டு பேரும் அங்க, நான் இஞ்ச."

றிபாஸ் தன் உள்ளங்கையைத் திரைக்குக் காட்டினான். "எட்டு மணித்தியாலம் தோண்டின நான். ஒரு தரமும் ஒன்னச் சந்தேகப்படல்ல," என்றான். கோல் அறுந்தது.

வினோஜ் மட்டும் பிறகு மூன்று கெட்ட வார்த்தையும், மகன் கேக் வெட்டிய படமும் அனுப்பினான். றிபாஸிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஜவுபர் படகு இழுத்தான். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், பொறாமை போகவில்லை. அந்த எட்டு மணித்தியாலமும் றிபாஸின் பக்கத்தில் இருந்து மணல் அள்ளியவன் வினோஜ் என்று நினைக்கும்போது, நெருப்பில் சுட்ட ஆட்டுக்காலை விட அதுதான் அதிகம் எரித்தது.

நாலாம் நாள் மெசினை நிறுத்திவிட்டு றிபாஸுக்குத் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பினான். பதினாறு நிமிடம். மன்னிப்பு அதில் ஒரு வரிதான். மிச்சமெல்லாம் மணல். எந்த நிற மணல் தாழும், ஏறும்போது எங்கே மிதிக்க வேண்டும், எங்கே மிதிக்கவே கூடாது, புதைந்தால் ஏன் முதலில் பின்னுக்கு வர வேண்டும். இவ்வளவு வருடமும் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த தொழில் ரகசியம் அத்தனையும் கொட்டினான்.

நீலச் சரி விழுந்தது. பதினாறு நிமிடம் போனது, ஜவுபர் எண்ணிக்கொண்டுதான் இருந்தான். அதற்குப் பிறகும் ஒரு படகு வந்து, இழுத்து, கயிறு கழற்றியாயிற்று.

அப்போது ஒரு வரி வந்தது.

"முன் டயருக்கும் பின் டயருக்கும் ஒரே அளவு காத்தாடா நாயே?"

ஜவுபர் ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, ஒரு தரத்துக்கு நாலு தரம் யோசித்து, உண்மையான அளவை எழுதத் தொடங்கினான்.