ரோஸ் ஏலம் விட்ட கிடா

எங்கள் கரையில் மீன் ஏலம் விடுபவள் ரோஸ். அவள் வாயைத் திறந்தால் வியாபாரிகள் வெற்றிலையை மெல்லக்கூட மறந்துவிடுவார்கள். அப்படிப்பட்டவள் போன வருஷம் சீட்டுக் குலுக்கப் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

எல்லாம் பிரைட்டனுக்காக. சங்கு குளிக்கப் போனவன் ஆழத்திலிருந்து அவசரமாக மேலேறியதில் இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. அவனுக்கு முன்பே, அதே தொழிலில் இருந்த மாடக்கண்ணுவுக்கும் இப்படித்தான் ஆனது; அவரும் வண்டியில்லாமல் வீட்டோடுதான் இருக்கிறார். பிரைட்டன் வீட்டோடு வலை பின்னிக்கொண்டிருந்தான். ஒரு மூன்று சக்கர ஸ்கூட்டர் இருந்தால் மீன் எடுத்து ஏரல் சந்தை வரை போய் விற்றுவிடுவான். அந்த வண்டிக்குக் காசு சேர்க்க ரோஸ் கோயில் திருவிழாவுக்குக் குலுக்கல் கூப்பன் அடித்தாள். முதல் பரிசு ஒரு கிடா. பாதி விற்றபோது எஸ்.ஐ. செல்வலட்சுமி கூப்பிட்டனுப்பினார்.

"நல்ல காரியம்தான்க்கா. ஆனா காசு வாங்கிட்டுச் சீட்டுக் குலுக்குனா அது லாட்டரி. தர்மத்துக்குன்னாலும் தமிழ்நாட்டுல தடைதான்" என்றார். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வழக்கு இல்லை என்றும் சொன்னார்.

ரோஸுக்கு அழுகையே வந்துவிட்டது. வீடு வீடாகப் போய்க் காசைக் கொடுத்துவிட்டு, பிரைட்டனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் வருத்தப்படவில்லை. கூப்பனில் தன் போட்டோவைப் போட்டதே அவனுக்குப் பிடிக்கவில்லையாம்.

"ஏலம் விடுததுதான ஒனக்குத் தொழிலு. சீட்டு எதுக்குக்கா?" என்றான்.

மறுநாளே ரோஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டாள். ஏலத்தில் அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை, தாராளமாக விடலாம் என்றார் செல்வலட்சுமி.

திருவிழாவன்று கொடிமரத்தடியில் கிடா நின்றது. எங்கள் கோயில் ஏலத்தில் எடுத்தவர் மனமிருந்தால் பொருளைத் திருப்பிக் கொடுப்பார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். படகுக்காரர் எடுத்துத் திருப்பினார். ஐஸ் கம்பெனிக்காரர் எடுத்துத் திருப்பினார். கிடா பாவம், யார் வீட்டுக்கும் போகாமல் மிரண்டு நின்றது. வண்டிக்கு வேண்டியது சேர்ந்துவிட்டதென்று ரோஸ் அறிவித்ததும் எல்லோரும் கை தட்டினோம்.

ஓரத்தில் நாற்காலியில் இருந்த பிரைட்டன் கையைத் தூக்கினான்.

"ஐநூறு."

வலை பின்னிய காசு. அதற்கு மேல் ஒருத்தரும் கேட்கவில்லை. கடகடவென்று ஏலத்தை முடிக்கிற ரோஸ், அன்று நிறுத்தி நிறுத்தி மூன்று தரம் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கயிற்றை அவன் கையில் கொடுத்தார்கள். கிடாவின் கழுத்தைத் தடவிவிட்டு, கயிற்றை ரோஸிடமே நீட்டினான்.

"திருப்பிக் குடுத்துட்டேன்க்கா. இனி விழுத காசு மாடக்கண்ணு அண்ணன் வண்டிக்கு. ஏலத்தப் போடு."