சைக்கிள் விளக்கில் எழும்பிய அன்னம்

1993 ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை. காலையில் கிணற்றடியில் குளித்தேன். கத்தரிக்குத் தண்ணீர் இறைத்தேன். சைக்கிள் சங்கிலிக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சம்மட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். என் அன்னத்தை உடைக்க வேண்டி வந்தால் தேவைப்படும்.

அந்த நாட்களில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குச் சீமெந்து வருவதில்லை. மிஞ்சிக் கிடந்த அரை மூடையைக் கிணற்றுக் கட்டுக்கென்று மனைவி பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். நான் அதை எடுத்து, முற்றத்தில் அன்னம் ஒன்று செய்துவிட்டேன். கழுத்துக்கு வந்தபோது சீமெந்து தீர்ந்துபோனது. பார்த்தவர்கள் எல்லோரும் வாத்து என்றார்கள்.

"வாத்தெண்டால் உடைச்சுக் கிணத்தடிச் சேத்துக்கை போடுங்கோ. அன்னமெண்டால் நிக்கட்டும்" என்றாள் மனைவி. அன்று வற்றாப்பளையிலிருந்து வரவிருந்த அவளுடைய அக்கா, என் மச்சாள், தீர்ப்புச் சொல்வதென்று முடிவாயிற்று.

மச்சாள் வந்து சேர இருட்டிவிட்டது. எனக்கு அது நல்லதாகப் பட்டது. மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெயை முற்றத்தில் எரிக்க யாருக்கு மனம் வரும்? சைக்கிள் விளக்கைக் கழற்றி, வயரை நீட்டி, அன்னத்துக்கு முன்னால் குரோட்டன் செடிகளுக்குள் நிலத்தோடு வைத்திருந்தேன். அழகாய் அமைந்த அலகு மட்டும் மின்னட்டும், கழுத்தை இருட்டு பார்த்துக்கொள்ளட்டும் என்பது என் எண்ணம். சைக்கிளைத் தெருப் பக்கம் பார்க்க ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லில் சாய்த்து, மனைவியை ஏற்றிவிட்டு, விளக்கைச் சரிபார்க்கக் குனிந்தேன்.

அவள் ஆடி அசைந்து பெடலை உழக்கினாள். விளக்கு ஒருமுறை சிவந்து அணைந்தது.

"கெதியா உழக்குமப்பா!"

"ஏன், நான் தோக்கிறதுக்கோ?"

மச்சாள் கிட்டப் போய்ப் பார்த்தார். "தம்பி, குறை நினையாதையும். வாத்துத்தான். அதுவும் நித்திரை கொள்ளுற வாத்து."

மனைவி ஹாண்டிலில் கவிழ்ந்து சிரித்தாள். நான் சம்மட்டியைப் பார்த்தேன். மச்சாளும் அதைப் பார்த்தார்.

"கள்ளி, நீ உழக்கவே இல்லை. இறங்கடி கீழே!"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மச்சாள் ஏறினார். பின்சில்லு இரைந்தது. வெளிச்சம் பொங்கியது. நானே எதிர்பாராத ஒன்று நடந்தது: அன்னத்துக்குப் பின்னால் இருந்த வீட்டின் வெள்ளைச் சுவரில் நிழல் எழும்பி, கட்டைக் கழுத்து நீண்டு வளைந்து கூரைவரை போனது.

"ஐயோ அக்கா, அன்னம்! அன்னம்!" என்று கத்திய மனைவி, உடனே இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள்.

"எங்கை? எங்கை?" மச்சாள் பாய்ந்து இறங்கித் திரும்பினார். சுவர் இருண்டுவிட்டது. மறுபடி ஏறி உழக்கினார். முதுகுக்குப் பின்னால் அன்னம் எழும்பியது. இறங்கினார், அது படுத்துவிட்டது. "என்ன கோதாரி இது, எனக்கு மட்டும் காட்டுதில்லை!"

எனக்கு வயிறு நோகச் சிரிப்பு. கடைசியில் மனைவி அவரை விலக்கிவிட்டுத் தானே ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு உழக்கினாள். நிழல் முழுதாக எழும்பி நின்றது.

மச்சாள் இடுப்பில் கை வைத்தபடி நெடுநேரம் பார்த்தார். "பகலிலை வாத்து, இரவிலை அன்னம். இரவும் ஒரு பொழுதுதானே. நிக்கட்டும்."

"அப்ப என்ரை கிணத்துக் கட்டு?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள் மனைவி. ஆனால் உழக்குவதை நிறுத்தவில்லை.

மறுநாள் விடிந்ததும், தேநீருக்குத் தண்ணீர் கூட வைக்காமல், அவள் முதல் வேலையாகச் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.